வெப்பத்தில் உட்கரு: குறியாக்கமில்லா ஆர்.என்.ஏ. ஆய்வைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மனித உயிரணுக்களை 37 டிகிரி செல்சியஸிலிருந்து 42 டிகிரிக்குக் கொண்டுசென்றால், சில நிமிடங்களுக்குள்ளாகவே அவற்றின் உட்கருவில் பெரும் மாற்றம் தொடங்கிவிடுகிறது. ஆயிரக்கணக்கான மரபணுக்களின் படியெடுத்தல், அதாவது அவற்றிலிருந்து ஆர்.என்.ஏ. உருவாகும் வேலை, தளர்கிறது. வெப்ப அதிர்ச்சிப் புரதங்களுக்குரிய சில மரபணுக்கள் வேகமெடுக்கின்றன. இவ்விரண்டும் பாடநூல்களில் உள்ள செய்திகள். பாடநூல்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. அதே வேளையில், எந்தப் புரதத்துக்கும் குறியாக அமையாத ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் உட்கருவுக்குள் பெருமளவில் உருவாகி, அங்கேயே தங்கி, குறிப்பிட்ட புரதங்களைத் தம்மிடம் இழுத்து வைத்துக்கொள்கின்றன. வெப்பம் தணிந்து உயிரணு இயல்புக்குத் திரும்பும் நேரத்தில் அவற்றின் பணி இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இளங்கலை இறுதியாண்டு ஆய்வையோ முதுகலை ஆய்வையோ தொடங்கும் மாணவர்களை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. இத்துறையில் ஓர் ஆர்.என்.ஏ. எவ்வளவு கூடியது என்ற கேள்வியோடு நின்றுவிடுவோர் பாதி விடையையே பெறுவார்கள். அது உட்கருவில் எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் ஆய்வின் முதல் நாளிலிருந்தே கேட்டாக வேண்டும். கீழே உள்ள படிகள் யாவும் அதை ஒட்டியே அமைந்துள்ளன.

முதற்படி: பழ ஈயிலிருந்து தொடங்குங்கள்

1962-இல் இத்தாலிய ஆய்வாளர் ஃபெருசியோ ரிட்டோசா, பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள பெரிய குரோமோசோம்களில், வெப்பநிலை உயர்ந்தபோது குறிப்பிட்ட சில இடங்கள் உப்புவதைக் கண்டு வெளியிட்டார். ஆர்.என்.ஏ. மும்முரமாக உருவாகும் இடங்களே அவ்வாறு உப்பித் தெரிகின்றன. வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் கண்டறியப்பட்டதோ 1974-இல்தான். ஆகவே இத்துறையில் ஆர்.என்.ஏ.யின் கதை புரதத்தின் கதைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் மூத்தது.

அந்த உப்பல்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்று 93டி என்று குறிக்கப்படும் இடத்தில் உள்ளது. அங்கிருந்து வரும் எச்.எஸ்.ஆர்.-ஒமேகா என்னும் ஆர்.என்.ஏ., மற்ற வெப்ப மரபணுக்களைப் போல ஒரு வெப்ப அதிர்ச்சிப் புரதத்தைத் தருவதில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் சுபாஷ் லகோடியா இந்த ஒரே இடத்தைப் பல பத்தாண்டுகள் விடாமல் ஆராய்ந்தவர். பென்சமைடு என்ற வேதிப்பொருள் மற்ற வெப்ப உப்பல்களைத் தொடாமல் 93டி-யை மட்டும் தூண்டுவது 1970-இலேயே தெரியவந்தது. இந்த ஆர்.என்.ஏ. உட்கருவில் சிறு சிறு புள்ளிகளாக நின்று, ஆர்.என்.ஏ.யைப் பதப்படுத்தும் புரதங்களைத் தாங்குகிறது என்பதை அவரது குழு 2000-இல் காட்டியது. ஒமேகா புள்ளிகள் என்று பெயர் பெற்ற அவை வெப்பத்தில் ஒன்றுதிரண்டு பெரிய கொத்துகளாகின்றன. நம் ஊர் மாணவர்கள் இந்த வரலாற்றை ஊன்றிப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எளிய கருவிகளோடு, பொறுமையை முதலாகக் கொண்டு வளர்க்கப்பட்ட அறிவு அது.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பும் உண்டு. பழ ஈ 25 டிகிரியில் வளர்க்கப்படும் உயிரி. மனித உயிரணுவுக்கு இயல்பான 37 டிகிரிதான் அதற்கு வெப்ப அதிர்ச்சி. கோலாலம்பூரில் பிற்பகல் வெப்பம் 32, 33 டிகிரியைத் தொடுவது வழக்கமாகையால், வார இறுதியில் குளிர்சாதனம் நிறுத்தப்படும் அறையில் ஈக் குப்பிகளை வைத்தால், ஆய்வு தொடங்கும் முன்பே அந்த ஈக்கள் வெப்பத்துக்கு ஆட்பட்டிருக்கும். 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வளரும் ஆண் ஈக்கள் மலடாகிவிடுவதும் உண்டு. எனவே ஈக்களோடு பணிசெய்ய விரும்புவோர், குளிர்விக்கும் வசதியுள்ள இன்குபேட்டர் ஆய்வகத்தில் இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: உயிரணுவையும் ஆர்.என்.ஏ.யையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் ஆய்வகத்தில் கைவசம் உள்ள உயிரணுவை எடுத்துக்கொண்டு, பிறகு எந்த ஆர்.என்.ஏ.யை அளக்கலாம் என்று யோசிக்கிறார்கள். இத்துறையில் அது சரிவராது. ஏனெனில் வெப்பத்துக்கு விடையளிக்கும் குறியாக்கமில்லா ஆர்.என்.ஏ.க்கள் உயிரினத்துக்கு உயிரினம் மாறுபடுகின்றன.

மனித உயிரணுக்களில் முதலிடம் சாட்டலைட் 3 ஆர்.என்.ஏ.க்கு உரியது. இயல்பான நிலையில் எச்.எஸ்.எஃப்.1 என்னும் புரதம் தனித்தனி மூலக்கூறுகளாக அடங்கியிருக்கிறது. வெப்பம் ஏறியதும் மும்மூன்றாக இணைந்து டி.என்.ஏ.யில் ஜி-ஏ-ஏ என்ற மூன்றெழுத்து அடுத்தடுத்து வரும் இடங்களைப் பற்றிக்கொள்கிறது. வெப்ப அதிர்ச்சிப் புரத மரபணுக்களின் முகப்பில் இத்தகைய இடங்கள் சில உள்ளன. குரோமோசோம் 9-இன் இடுக்கமான பகுதியாகிய சென்ட்ரோமியர் அருகிலோ ஜி-ஜி-ஏ-ஏ-டி என்ற ஐந்தெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப மிக நீண்ட தொலைவுக்கு வருகிறது. அங்கே எச்.எஸ்.எஃப்.1 திரளாகக் குவிய, வழக்கமாக அமைதியாக இருக்கும் அந்தப் பகுதி, ஆர்.என்.ஏ.யை உருவாக்கும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2-ஆல் படியெடுக்கப்படுகிறது. அவ்வாறு பிறக்கும் ஆர்.என்.ஏ.தான் சாட்டலைட் 3; அது பிறந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. அதைச் சுற்றி எஸ்.ஆர்.எஸ்.எஃப்.1, எஸ்.ஆர்.எஸ்.எஃப்.9, சாஃப்-பி போன்ற புரதங்கள் சேர, நுண்ணோக்கியில் சில ஒளிப்புள்ளிகளாகத் தெரியும் உட்கரு அழுத்தத் திரள்கள் உருவாகின்றன.

இத்திரள்கள் மனிதர் முதலிய முதனிகளின் உயிரணுக்களில் உள்ளன; எலி, சுண்டெலி உயிரணுக்களில் இல்லை. சுண்டெலி உயிரணுவில் சாட்டலைட் 3-ஐத் தேடுவது வீண் உழைப்பு. அங்கே ஆராய வேண்டியது பி2 ஆர்.என்.ஏ. மனிதரில் அதற்கு நிகரான பணியைச் செய்வது ஆலு ஆர்.என்.ஏ. இவ்விரண்டும் பாலிமரேஸ் 3-ஆல் உருவாக்கப்படுபவை. வெப்பத்தில் இவை பெருகி, பாலிமரேஸ் 2-உடன் நேரடியாகப் பிணைந்து, பல மரபணுக்களின் படியெடுத்தலைத் தடுக்கின்றன. தைப்பூசத்தின்போது ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளித் தேர் பத்துமலைக்குப் புறப்படுகையில் மற்ற வாகனங்களை நிறுத்திச் சாலையை ஒழுங்குசெய்வது போல, வழக்கமான போக்குவரத்தை அடக்குவதும் இந்த விடையின் ஒரு பகுதியே என்று புரிந்துகொள்ளலாம்.

நீட்1, மாலாட்1 ஆகிய நீண்ட ஆர்.என்.ஏ.க்களும் எச்.எஸ்.எஃப்.1-இன் தூண்டலால் கூடுகின்றன. ரைபோசோம்கள் உருவாகும் இடமான உட்கருமணியிலும் ஒரு கதை உண்டு: ரைபோசோம் மரபணுக்களுக்கு இடைப்பட்ட வெளிகளிலிருந்து எழும் ஆர்.என்.ஏ.க்கள், புரதங்களை உட்கருமணிக்குள் பிடித்து நிறுத்துவது 2012-இல் காட்டப்பட்டது. வெப்பத்தில் ஒரு பகுதியும், சூழல் அமிலமாகும்போது வேறொரு பகுதியும் படியெடுக்கப்படுகின்றன என்பது வியப்புக்குரியது. எனினும் முதல் ஆய்வுக்கு ஹீலா என்னும் மனித உயிரணு வகையும் சாட்டலைட் 3-உம் போதும். விடை தெளிவாகத் தெரியும். வெப்பம் கொடுக்காத உயிரணுக்களில் அது மிகக் குறைவாக இருப்பதால் ஒப்பீடும் எளிது.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எச்.எஸ்.எஃப்.1-ஐத் தூண்டும் வெப்ப உணரி ஆர்.என்.ஏ. என்று எச்.எஸ்.ஆர்.1 என்ற ஒன்று 2006-இல் அறிவிக்கப்பட்டது. பிறகு அதன் எழுத்து வரிசையை ஆராய்ந்தவர்கள், அது பாக்டீரியாவிலிருந்து வந்தது என்று காட்டினார்கள். நீங்கள் படிக்கும் எந்த ஆர்.என்.ஏ.யாயினும், அதன் வரிசை அந்த உயிரினத்தின் மரபுத்தொகுதியில் உண்மையில் இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது. அதற்குச் சில நிமிடங்கள் போதும்; தவிர்த்தால் ஓராண்டு உழைப்பும் வீணாகலாம்.

மூன்றாம் படி: வெப்பத்தைச் சரியாகக் கொடுங்கள்

வெப்பம் கொடுப்பது எளிய வேலைபோல் தோன்றும். ஆனால் முடிவுகள் நாளுக்கு நாள் மாறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். காற்று வழியே சூடேற்றும் இன்குபேட்டரில் வைத்தால், குடுவையிலுள்ள வளர்ப்புக் கரைசல் 42 டிகிரியை எட்ட நெடுநேரம் பிடிக்கும். ஆகவே குடுவையின் மூடியை இறுக்கி, பாராஃபில்மால் சுற்றி, 42 டிகிரியில் நிலைபெற்ற வாட்டர் பாத்தில், உயிரணுக்கள் ஒட்டியிருக்கும் அடிப்பகுதி முழுவதும் நீரில் படும்படி வையுங்கள். அதே அளவு கரைசல் ஊற்றிய, உயிரணுக்கள் இல்லாத மற்றொரு குடுவையில் வெப்பமானியை வைத்து, கரைசலின் உண்மையான வெப்பநிலையைப் பாருங்கள். கருவியின் முகப்பில் தெரியும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அந்தக் குடுவை 42-ஐத் தொட்ட கணத்திலிருந்து நேரத்தைக் கணக்கிடுங்கள்.

மூடிய குடுவைக்குள் கரியமில வாயு நுழையாது என்பதால், அமிலத்தன்மை மாறாதிருக்க ஹெப்பஸ் கலந்த கரைசலைப் பயன்படுத்துவது நலம். ஒப்பீட்டுக் குடுவையையும் அதேபோல் மூடி, 37 டிகிரி வாட்டர் பாத்தில் அதே நேரம் வைத்திருங்கள். அதை இன்குபேட்டரிலேயே விட்டுவிட்டால், நீங்கள் காணும் வேறுபாடு வெப்பத்தால் வந்ததா, குடுவையை மூடியதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கரைசலை மாற்றும்போது குளிர்ந்த கரைசலை ஊற்றக் கூடாது. நம் ஆய்வகங்களில் குளிர்சாதனம் கடுமையாக இயங்குவதால், மேசைமேல் சிறிது நேரம் இருந்த குடுவையும் விரைவில் குளிர்ந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

42 டிகிரியில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் என்பது பல ஆய்வுகளில் பயன்படும் அளவு. வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே போனால் விடையும் கூடும் என்று எண்ண வேண்டாம். ஒரு கட்டத்துக்குமேல் நீங்கள் அளப்பது உயிரணு இறக்கும் நிகழ்வையே.

நான்காம் படி: மீட்சி நேரத்தை ஒதுக்காதீர்கள்

இந்தப் படிக்காகவே இக்கட்டுரையை எழுத முனைந்தேன் என்று சொன்னால் மிகையாகாது. வெப்பம் முடிந்ததும் உயிரணுக்களைச் சேகரித்துவிட்டு வீடு திரும்பும் வழக்கம் புதியவர்களிடம் உள்ளது. அவ்வாறு செய்தால் சாட்டலைட் 3-இன் முக்கியமான பணி நடக்கும் நேரத்தை முழுவதுமாகத் தவறவிடுவீர்கள்.

எச்.எஸ்.எஃப்.1 வெப்பம் தணிந்ததும் அந்த இடத்தை விட்டு விலகிவிடுகிறது. சாட்டலைட் 3 ஆர்.என்.ஏ.யோ 37 டிகிரிக்குத் திரும்பிய பிறகும் பல மணி நேரம் அங்கேயே நிற்கிறது. ஜப்பானிய ஆய்வுக் குழு ஒன்று 2020-இல் வெளியிட்ட முடிவு இதன் பொருளை விளக்கியது. வெப்பத்தின்போது எஸ்.ஆர்.எஸ்.எஃப்.9 போன்ற புரதங்கள் தம் பாஸ்பேட்டுகளை இழந்து உட்கரு அழுத்தத் திரளில் சேர்கின்றன. வெப்பம் தணிந்த பிறகு சி.எல்.கே.1 என்னும் நொதியும் அதே திரளுக்கு வந்து, அப்புரதங்களுக்கு மீண்டும் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. இருவரும் ஓரிடத்தில் கூடுவதால் வேலை விரைந்து நடக்கிறது. அதன் விளைவாக நூற்றுக்கணக்கான இன்ட்ரான்கள், அதாவது மரபணுவின் இடைப்பட்ட துண்டுகள், வெட்டப்படாமல் தம் ஆர்.என்.ஏ.யிலேயே தங்கும் நிலை மீள்கிறது. அவ்வாறு இன்ட்ரான்களை வைத்திருப்பதுதான் அந்த ஆர்.என்.ஏ.க்களுக்கு இயல்பான நிலை. வெப்பத்தில் அவை வெட்டப்பட்டுவிடுகின்றன. அடுத்த ஆண்டில் அதே குழு, சாட்டலைட் 3 ஆர்.என்.ஏ. தன்மீது மீதைல் குறிகளைப் பெற்று, அக்குறிகளை வாசிக்கும் ஒய்.டி.எச்.டி.சி.1 புரதத்தையும் பிடித்துவைக்கிறது என்று காட்டியது. ஆக, பயனற்றது என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட ஒரு தொடர், உயிரணு இயல்புக்குத் திரும்பும் வழியை வகுக்கிறது.

எனவே குறைந்தது நான்கு வேளைகளில் மாதிரி எடுங்கள்: வெப்பத்துக்கு முன், வெப்பத்தின் முடிவில், 37 டிகிரிக்குத் திரும்பி ஒரு மணி கழித்து, நான்கு அல்லது ஆறு மணி கழித்து. காலையில் தொடங்கினால் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

ஐந்தாம் படி: ஆர்.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து அளத்தல்

டிரைசால் போன்ற ஃபீனால் கரைசலை ஊற்றிப் பிரிப்பது வழக்கம். நச்சுப் பொருளாகையால் புகைப்போக்கிக் கூண்டுக்குள்ளேயே அதைக் கையாள வேண்டும். உட்கருவில் திரள்களாக நிற்கும் சில ஆர்.என்.ஏ.க்கள் இம்முறையில் முழுமையாக வெளிவருவதில்லை. நீட்1 இதற்கு நன்கறியப்பட்ட சான்று. கரைசலை மெல்லிய ஊசி வழியே பலமுறை இழுத்துவிடுவதோ, 55 டிகிரியில் சிறிது நேரம் சூடாக்குவதோ அதைப் பெருமளவு விடுவிக்கும். இதைச் செய்யாமல், வெப்பத்தில் நீட்1 கூடியது அல்லது குறைந்தது என்று எழுதுவது பொறுப்பான செயலன்று. மாறியது அதன் அளவா, அது கரைந்து வெளிவரும் தன்மையா என்று உங்களுக்குத் தெரியாது.

அடுத்து, டி.என்.ஏ.யை நீக்குதல். சாட்டலைட் 3-இன் டி.என்.ஏ. மரபுத்தொகுதியில் மிகப் பெருமளவில் இருப்பதால், துளியளவு எஞ்சினாலும், டி.என்.ஏ.யைப் பெருக்கி அளக்கும் கியூ.பி.சி.ஆரில் ஆர்.என்.ஏ.போலவே தோன்றும். டி.என்.ஏஸ் நொதியால் நன்கு நீக்கியபின், ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாகப் படியெடுக்கும் தலைகீழ்ப் படியெடுப்பு நொதி சேர்க்காத ஒரு மாதிரியையும் எப்போதும் உடன் வைத்து ஓட்டுங்கள். வெப்பம் வேலை செய்ததா என்று பார்க்க, ஒரு வெப்ப அதிர்ச்சிப் புரதத்துக்குரிய எச்.எஸ்.பி.ஏ.1.ஏ மரபணுவை அளப்பது நல்ல வழி. அதற்கும் இன்ட்ரான் இல்லையாதலால் பெருக்கலைத் தொடங்கும் துணுக்குகளான பிரைமர்களின் அமைப்பைக் கொண்டு டி.என்.ஏ.யைப் பிரித்தறிய முடியாது. நொதியில்லா மாதிரி அங்கேயும் தேவை.

உட்கருவையும், அதற்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தையும் தனித்தனியே பிரித்தால், பிரிப்பு சரியாக நடந்ததா என்று காட்டும் அடையாளங்கள் வேண்டும். மாலாட்1-ஐ உட்கருவின் அடையாளமாகப் பலர் எடுப்பார்கள். அது வெப்பத்தில் தானே மாறுவதால் இங்கே யு6 போன்ற சிறு ஆர்.என்.ஏ. பொருத்தமானது. ஆலு ஆர்.என்.ஏ.யை மட்டும் சாதாரண கியூ.பி.சி.ஆரில் அளக்க முயல வேண்டாம். மரபுத்தொகுதியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆலு பிரதிகள் உள்ளன. அவற்றுள் பல பிற மரபணுக்களின் ஆர்.என்.ஏ.க்குள்ளேயே பொதிந்து கிடக்கின்றன. சுமார் 300 எழுத்து நீளமுள்ள தனி ஆலு ஆர்.என்.ஏ.யை அவற்றிலிருந்து பிரித்துக் காட்ட நார்தர்ன் பிளாட் போன்ற, நீளத்தைக் காட்டும் முறை தேவை.

ஆறாம் படி: இடத்தைக் கண்ணால் காணுதல்

கண்ணாடித் தகட்டின்மேல் வளர்த்த உயிரணுக்களை, வெப்பம் முடிந்த உடனே 4 விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்துங்கள். பிறகு டிரைட்டன் எக்ஸ்-100 கொண்டு சவ்வைத் திறந்து, ஒளிரும் சாயம் இணைத்த டி.என்.ஏ. துணுக்கைச் சேருங்கள். ஆர்.என்.ஏ.யில் ஜி மிகுந்த வரிசை இருப்பதால், துணுக்கில் ஏ-டி-டி-சி-சி என்ற தொடர் திரும்பத் திரும்ப வர வேண்டும். டி.என்.ஏ.யின் இரு இழைகளையும் பிரிக்கும் கடும் சூட்டை இங்கே கொடுக்கக் கூடாது. கொடுத்தால் துணுக்கு குரோமோசோமிலேயே ஒட்டி, வெப்பம் காணாத உயிரணுவிலும் புள்ளிகளைக் காட்டும். ஒரு தகட்டை மட்டும் முன்னதாக ஆர்.என்.ஏஸ் ஏ-யில் ஊறவையுங்கள். அதில் ஒளி மறைந்தால், மற்றத் தகடுகளில் நீங்கள் கண்டது ஆர்.என்.ஏ.தான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

புள்ளிகளின் எண்ணிக்கை ஓர் உயிரணுவில் குரோமோசோம் 9 எத்தனை பிரதிகள் உள்ளது என்பதை ஒட்டி மாறும். அதே தகட்டில் சாஃப்-பி புரதத்துக்குரிய எதிர்ப்பொருளையும் சேர்த்து, இரு நிறங்களும் ஒரே இடத்தில் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். எனக்கு இந்தப் படிதான் மிகவும் பிடித்தமானது. முதன்முறை அந்தப் புள்ளிகளைக் காணும் மாணவருக்கு, படித்ததெல்லாம் கண்முன் நிற்கும்.

ஆய்வகம் கிடைக்காதவர்களுக்கு

பொதுவில் கிடைக்கும் வரிசைத் தரவுகளைக் கொண்டும் தொடங்கலாம். இரண்டு தடைகளை மட்டும் அறிந்திருங்கள். திரும்பத் திரும்ப வரும் தொடர்களுக்குரிய துணுக்குகளைப் பல மென்பொருள்கள் தாமாகவே ஒதுக்கிவிடும். பழைய மனித மரபுத்தொகுதி வரைவில் குரோமோசோம் 9-இன் அந்தப் பகுதி வெற்றிடமாகவே இருந்தது. 2022-இல் வெளியான முழு வரிசையில்தான் அது நிரப்பப்பட்டது. அங்குள்ள தொடரின் நீளம் 2 கோடியே 70 லட்சம் எழுத்துகளுக்கும் மேல். ஆகவே புதிய வரைவையே பயன்படுத்துங்கள்.

ஏழாம் படி: காரணத்தைச் சோதித்தல்

ஓர் ஆர்.என்.ஏ. வெப்பத்தில் கூடுகிறது என்பதால் அது ஏதோ பணி செய்கிறது என்று முடிவுகட்ட இயலாது. அதை நீக்கிப் பார்க்க வேண்டும். சைட்டோபிளாசத்தில் நன்கு வேலை செய்யும் குறு ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு முறை, உட்கருவிலேயே தங்கும் ஆர்.என்.ஏ.க்களிடம் பெரும்பாலும் பலவீனமாகவே இருக்கிறது. உட்கருவுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏஸ் எச் நொதியை அழைத்து வெட்டச் செய்யும் எதிரிழைத் துணுக்குகளே இங்கே ஏற்றவை. அவற்றை வெப்பத்துக்கு முந்தைய நாளிலேயே உயிரணுக்களுக்குள் செலுத்தி, பொருத்தமற்ற வரிசையுள்ள துணுக்கு பெற்ற உயிரணுக்களை ஒப்பீட்டுக்கு வைத்து, மேலே சொன்ன நான்கு வேளைகளிலும் மாதிரி எடுங்கள். ஒளிரும் புரதம் சேர்த்த, அதாவது மரபணு மாற்றம் செய்த உயிரணுக்களைப் பயன்படுத்த எண்ணினால், மலேசியாவின் 2007-ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும். துணுக்குகளை வாங்கப் பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவிடம் விண்ணப்பித்துவிடுங்கள். ஒப்புதல் வரும்வரை முதல் ஆறு படிகளையும் சாதாரண ஹீலாவில் செய்து பழகலாம்.